தைப்பி மழை

கொக்குவில்

அன்பின் இராசன்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிவிட்டது. முழங்கால் சுகமாகி நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று வாசித்தபோதுதான் மனம் ஆறியது. இங்கே கிணறு வற்றிக்கொண்டு போகிறது, முருங்கை மட்டும் காய்த்துக் கொட்டுகிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அப்பு, ஐயாவின் தகப்பன், பிறந்தது கொக்குவிலில் இல்லை. மலாயாவில், தைப்பிங்கில்.

ஐயாவின் தங்கை சின்ன மாமியை மகன் லண்டனுக்குக் கூப்பிடுகிறான். அதற்காக மாமியின் பிறப்புப் பத்திரத்துக்குப் பிரதி எடுத்தேன். 1953ஆம் ஆண்டுப் பதிவு. தகப்பன் பிறந்த இடம் என்ற கட்டத்தில் 'தைப்பிங், மலாயா' என்று தெளிவாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து ஐயாவின் பத்திரத்தையும் தேடி எடுத்தேன். அது 1936. அதில் அப்படி ஒரு கட்டமே இல்லை. மூத்த பிள்ளைகளின் பத்திரத்தில் இல்லாத கேள்வி கடைசிப் பிள்ளையின் பத்திரத்தில் இருக்கிறது!

யோசித்துப் பார்த்தால் காரணம் இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். வெளியில் பிறந்த ஒருவர் வம்சாவளியாய் இந்த நாட்டவர் ஆவதற்கு, தகப்பனும் தகப்பனின் தகப்பனும், இல்லாவிட்டால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். அதனால்தான் பாட்டன், பூட்டன் எங்கே பிறந்தார்கள் என்று பிறப்புப் பத்திரத்தில்கூடக் கேட்கிறார்கள். மாமியின் பத்திரத்தில் அந்தக் கட்டங்கள் எல்லாவற்றிலும் கொக்குவில், கொக்குவில் என்று நிரப்பியிருக்கிறது. அப்புவுக்கு அப்படிச் சொல்ல முடிந்தது. மலையகத்தில் தலைமுறையாய்க் கொழுந்து பறித்தவர்களுக்குச் சொல்ல முடியவில்லை, இலட்சக்கணக்கானவர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர்களானார்கள். அந்தக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இதுதான் நெஞ்சில் குத்தியது.

அப்புறம் றங்குப் பெட்டியைக் கிளறினேன். அடியில், கறையான் ஓரம் தின்ற இரண்டு காணி உறுதிகள். ஒன்று 1909இல் நாலு பரப்புப் பனங்காணியை ஒற்றி வைத்தது. மற்றது 1917இல் அதை மீட்டது. இரண்டாவதில், உறுதி முடித்த நொத்தாரிசு, அப்புவின் தகப்பனான எங்கள் பூட்டனைப் பற்றி எழுதியிருக்கிறார்: 'முன்பு தைப்பிங்கில் புகையிரதப் பாதையில் கூலிவேலை செய்தவரும் இப்போது கொக்குவிலில் வசிப்பவருமான'. கீழே கையெழுத்து இல்லை, பெருவிரல் அடையாளம். மை பரவி, ரேகை பாதி அழிந்து கிடக்கிறது. அதன்மேல் என் விரலை வைத்துப் பார்த்தேன் இராசன். என்னுடையதைவிட அகலம்.

எட்டு வருடம் கடல் கடந்து உழைத்துக் கொண்டுவந்தது, போகும்போது ஒற்றி வைத்த அதே நாலு பரப்பு.

மலாயா என்றால் எனக்கு உங்கள் வீடுதான். மலாயன் பென்சனில் கட்டிய கல்வீடு, கூடத்தில் கோட்டும் தலைப்பாகையுமாய் உன் அப்புவின் படம். இங்கிலீசு படித்துக் கிளாக்கராகவும் ஸ்டேஷன் மாஸ்டராகவும் போனவர்களின் ஊர் அது, எங்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றே நினைத்திருந்தேன். ஆனால் மலாயாவின் முதல் இரயில் பாதை எது தெரியுமா? தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு, எட்டு மைல். 1885 ஜூன் 1ஆம் திகதி திறந்தார்கள். அதைப் போட்டது இலங்கையிலிருந்து கொண்டுபோன பயனியர் படை வேலையாட்கள். எங்கள் பூட்டன் போனது அதற்கு எவ்வளவோ பிந்தி. என்றாலும் பேனா பிடித்தவர்களோடு மண்வெட்டி பிடித்தவர்களும் போயிருக்கிறார்கள். அவர்களுக்குக் கல்வீடும் இல்லை, கூடத்தில் படமும் இல்லை. பேரப்பிள்ளைகளுக்குக் கதைகூட மிஞ்சவில்லை.

பூட்டியும் கூடப் போயிருக்கிறா என்பதை நினைக்க நினைக்க ஆச்சரியம் தீரவில்லை. காணியை ஒற்றி வைத்த காசு இரண்டு பேருக்குக் கப்பல் கூலியாகியிருக்க வேண்டும். மொழி தெரியாத ஊரில் பிள்ளையைப் பெற்று, ஐந்து ஆறு வயதில் கையில் பிடித்துக்கொண்டு வந்து இறங்கியிருக்கிறா. வந்த பிள்ளை பத்து வயதில் சுருட்டுக் கொட்டிலில் காம்பு கிழிக்கக் குந்தியது. பிறகு சாகும்வரை சுருட்டுத்தான். உனக்கும் தெரியும், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நாங்கள் புகையிலைக் கோடா மணத்தை வைத்தே அப்புவின் கொட்டிலைக் கண்டுபிடிப்போமே.

ஐப்பசி, கார்த்திகையில் மாரி மழை கொட்டும்போது அப்பு கொட்டில் வாசலில் நின்று, "இது தைப்பி மழை" என்பார். தை பிந்தி வரும் மழை என்று நான் எடுத்துக்கொண்டேன். ஐப்பசியில் ஏன் தையைச் சொல்கிறார் என்று ஒருநாளும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்திலேயே மழைக்குப் பேர்போன ஊர் தைப்பிங் என்று இப்போதுதான் அறிந்தேன். அவர் பிறந்த ஊரைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.

உன்னிடம் ஒரு உதவி. உன் அப்புவின் படப்பெட்டி உன்னோடுதானே கனடாவுக்கு வந்தது? அதில் 1917க்கு முந்திய தைப்பிங் படம் ஏதும் இருந்தால், நடுவில் கதிரையில் இருப்பவர்களை மட்டும் பார்க்காதே. பின்வரிசையில், ஓரத்தில், வெறும் மேலோடு நிற்பவர்களையும் பார். எங்கள் அப்புவின் விரிந்த காது உனக்கு மறந்திருக்காது. அந்தக் காதோடு யாராவது நின்றால் உடனே படம் எடுத்து அனுப்பு.

என்றும் அன்புடன்,
உன் சபா