கால் எரிச்சலுக்காக மாத்திரையை நிறுத்திவிடாதே, கண்ணு

அன்புள்ள கண்ணு,

ராத்திரியில் உள்ளங்கால் எரிகிறது, காலில் செருப்பு இருப்பதே தெரியவில்லை என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். அந்த எரிச்சலை நானும் அனுபவித்திருக்கிறேன். 2004-இல் அரசு எச்.ஐ.வி.-க்கான ஏ.ஆர்.டி. மாத்திரையை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய காலத்தில், பலருக்கு அதில் ஸ்டாவுடின் இருந்தது. உயிரைக் காப்பாற்றிய மருந்துதான், ஆனால் நிறையப் பேருக்குக் கால் நரம்பைக் கெடுத்தது. எனக்கும் அப்படித்தான். 2009-இல் உலக சுகாதார நிறுவனமே அதைக் கைவிடச் சொல்லிவிட்டது. இப்போது நாம் இருவரும் போடும் மாத்திரையில் அது கிடையாது. அதனால் என் கதையை நினைத்து, பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிடாதே.

டி.பி. வராமலிருக்க உனக்கு ஐசோனியசிட் கொடுத்திருக்கிறார்கள் அல்லவா? அது உடம்பில் பி6 சத்தைக் குறைத்து நரம்பைத் தொந்தரவு செய்யும். அதற்காகத்தான் கூடவே பைரிடாக்சின் என்று ஒரு சின்ன பி6 மாத்திரை தருவது. சத்து மாத்திரைதானே என்று அதை விட்டுவிட்டாயா? அதற்காக மெடிக்கலில் நீயாக பி6 வாங்கிக் கூடுதலாகப் போடாதே. அளவு மிஞ்சினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். பி12 குறைவாலோ சர்க்கரையாலோ, அந்த வைரஸாலேயேகூட இப்படி வரலாம். எதனால் என்று டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

வலிக்கு டைக்ளோஃபெனாக்கும் வேண்டாம். நம் மாத்திரையில் டெனோஃபோவிர் இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. நரம்பு வலிக்கு அது பெரிதாகக் கேட்கவும் கேட்காது. அதற்கென்று வேறு மருந்துகள் உண்டு, டாக்டரிடம் கேள்.

எரிகிற காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்க யாராவது சொன்னால் கேட்காதே. மரத்த காலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் கண்ட பிறகுதான் தெரியும். சாதாரணத் தண்ணீரில் கொஞ்ச நேரம் காலை வைத்துக்கொள். ஈரத்தைத் துடைத்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி மெதுவாக நீவிவிடு, விரல் இடுக்கில் மட்டும் எண்ணெய் வேண்டாம். போர்வை பட்டாலே எரிந்தால், கால்மாட்டில் ஒரு அட்டைப்பெட்டியை வைத்து அதன் மேல் போர்வையைப் போடு. நான் இன்றும் அப்படித்தான் தூங்குகிறேன். படுக்கும் முன் கண்ணாடியைப் பிடித்து உள்ளங்காலைப் பார், முள் குத்தியிருந்தாலும் உனக்குத் தெரியாமல் போகலாம். இறுக்கமான ஷூ வேண்டாம்.

அப்புறம், கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்காதே. ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் வந்துவிட்டது. கால் வலி என்று சொன்னால் போதும். உன் நோயைப் பற்றி முதலாளியிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, அதற்கு 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் இருக்கிறது.

இந்த வாரமே லீவு போட்டு ஏ.ஆர்.டி. சென்டருக்குப் போ. நீ போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் பையில் எடுத்துப் போய்க் காட்டு. புதிதாக எதை எழுதிக் கொடுத்தாலும் சீட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சொல், காலை பஸ்ஸுக்கே கிளம்பி வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா