புரோகிராமில் பிழையில்லை, மச்சான்

வெள்ளவத்தை,
கொழும்பு 06

அன்புள்ள ரவி,

உன் மகளின் ரோபோக் கார் வீடியோ பார்த்தேன். தூக்கிப் பிடித்தால் நாலு சில்லும் நன்றாகச் சுழல்கின்றன. தரையில் விட்டு ரிவர்ஸ் எடுத்ததும் ரோபோ செத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. மகள் மூன்று தரம் புரோகிராமைத் திருத்திவிட்டாள் என்றாய். பாவம், அவளை விடு. அந்தக் கணத்தில், ரோபோவின் மூளையான ஊனோ போர்டில் ‘எல்’ என்று எழுதிய சின்ன லைட் படபடவென்று மின்னுகிறதே, அது போர்டு ரீசெற் ஆகும் அடையாளம். கரண்ட் போதவில்லை.

கணக்கைப் பார். கிட்டோடு வந்த பெட்டியில் நாலு பென்டோர்ச் பற்றரி, புதிதாக இருந்தால் 6 வோல்ற். மோட்டருக்குக் கரண்டை விடும் எல்298என் போர்டு பழைய காலத்து டிரைவர், மோட்டர் ஓடும்போது 2 வோல்ற் அளவுக்குத் தானே விழுங்கி வெப்பமாக்கும். மோட்டருக்கு மிஞ்சுவது 4 வோல்ற்தான். அந்த டிரைவரில் உள்ள 5 வோல்ற் ரெகுலேற்றருக்கு, அதாவது வோல்ற்றை 5இல் நிறுத்தும் பகுதிக்கு, ஒழுங்காக வேலை செய்ய 7 வோல்ற்றாவது உள்ளே வரவேண்டும். 6 கொடுத்தால் நாலரைக்குக் கிட்டத்தான் வெளியே வரும். ஊனோவுக்கும் தூரம் அளக்கும் சோனாருக்கும் போவது அந்த நாலரைதான். பற்றரி இன்னும் கொஞ்சம் இறங்கினால் முதலில் சோனார் பூச்சியம் பூச்சியமாக அனுப்பும், பிறகு சேர்வோ, அந்தச் சின்னத் திருப்பு மோட்டர், நடுங்கும். ஊனோவின் சிப் 2.7 வோல்ற்றுக்குக் கீழே போனால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும்.

ரிவர்ஸில் மட்டும் ஏன்? முன்னே சுழலும் மோட்டர் தானும் ஒரு வோல்ற்றேஜை உண்டாக்கிக் கரண்டைத் தடுத்துக்கொண்டிருக்கும். சட்டென்று திசையை மாற்றினால் அது பற்றரியோடு கூட்டுச் சேர்ந்துவிடும். சில்லை இறுக்கிப் பிடித்தாலே ஒரு மஞ்சள் மோட்டர் 1 அம்பியருக்குக் கிட்ட இழுக்கும், இந்த நேரத்தில் அதைவிடக் கூட. நாலு மோட்டர் சேர்ந்தால் அந்தப் பெட்டி எங்கே தாங்கும்? திசை மாற்றும்போது நடுவில் 200 மில்லிசெக்கன் நிறுத்தச் சொல். மகள் புரோகிராமில் தொடவேண்டியது அது ஒன்றுதான்.

இனி மல்டிமீற்றரை எடு. சிவப்பு வயர் 10 அம்பியர் துளையில் இருந்தால் முதலில் மாற்றிவிடு. அதோடு பற்றரியில் வைத்தால் நேரே சோர்ட்தான். ஓடாமல் நிற்கும்போது அளப்பதில் பிரயோசனமில்லை, களைத்த பற்றரியும் அப்போது 6க்குக் கிட்டக் காட்டும். மகள் சில்லுகளை இரண்டே செக்கன் இறுக்கிப் பிடிக்கட்டும், நீ அள. முதலில் பெட்டிக்குள்ளேயே பற்றரி வரிசையின் இரு கடைசி முனையிலும், பிறகு டிரைவரின் ஸ்க்ரூ முனைகளில், கடைசியாக ஊனோவின் 5 வோல்ற்றுக்கும் கிரவுண்டுக்கும் (மைனஸ்) நடுவே. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையே 0.2க்கு மேல் வித்தியாசம் வந்தால் பற்றரியைத் திட்டாதே, வழியில் ஏதோ தின்கிறது. மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் பிளஸ்ஸிலும் மற்றதை டிரைவரின் பிளஸ்ஸிலும் வைத்து, சுவிட்ச், வயர் என்று ஒவ்வொரு துண்டாகப் பார்த்துக்கொண்டு போ, மைனஸ் பக்கமும் அப்படியே. பெரும்பாலும் பெட்டியின் ஸ்பிரிங்தான். உப்புக் காற்றில் அது பச்சை பிடித்துவிடும், உங்கள் மட்டக்களப்பிலும் அப்படித்தானே? மண்தாள் போட்டுத் தேய். கிட்டோடு வரும் மெல்லிய ஜம்பர் வயர் சிக்னலுக்குத்தான், பற்றரி லைனுக்கு ஆகாது. சிலவற்றுக்குள் செம்பே இல்லை, காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார், ஒட்டினால் குப்பையில் போடு.

டிரைவரின் கிரவுண்டும் ஊனோவின் கிரவுண்டும் ஒரு வயரால் இணைந்திருக்கிறதா? வீடியோவில் அது எனக்குத் தெரியவில்லை. இல்லாவிட்டால் மோட்டர் பேய் பிடித்த மாதிரி ஆடும். வயர்களைச் செருகும் துளைப் பலகையான பிரெட்போர்டின் சிவப்பு, நீலக் கோடுகள் நடுவில் அறுந்திருந்தால், மின்சாரமும் அங்கேயே அறுந்திருக்கும்.

கடைக்காரர் 9 வோல்ற் சதுரப் பற்றரி சொன்னாராம். வேண்டவே வேண்டாம். வோல்ற் கூட என்றாலும் உள்ளே தடை அதிகம், 1 அம்பியர் கேட்டால் படுத்துவிடும். 18650 என்ற லிதியம் செல் இரண்டைத் தொடராகப் போடு: முழு சார்ஜில் 8.4, ஒவ்வொன்றும் 3க்குக் கீழே இறங்கக்கூடாது. 9900 எம்ஏஎச் என்று எழுதிய செல் பொய். சேர்வோவுக்கு மட்டும் தனியாக ஒரு எல்எம்2596 பக் கன்வேற்றர் (வோல்ற்றைக் குறைக்கும் சின்ன போர்டு), 5 வோல்ற்றுக்குத் திருகி அளந்த பிறகே பூட்டு. டிரைவர் முனையில் 1000 மைக்ரோபரட் கப்பாசிற்றர், 16 வோல்ற். வெள்ளைக் கோடு உள்ள கால் மைனஸுக்கு, மாற்றிப் போட்டால் வெடிக்கும். ஒவ்வொரு மோட்டரின் இரு காலுக்கும் நடுவே 104 என்று எழுதிய செரமிக் கப்பாசிற்றர் ஒன்றைச் சொல்டர் பண்ணு.

சனிக்கிழமை புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் போவேன், இதெல்லாம் வாங்கி பஸ்ஸில் போட்டுவிடலாம். அதற்கு முன் அந்த மூன்று அளவையும் எழுதி அனுப்பு. ஸ்பிரிங்தான் பிழை என்றால் காசை ஏன் வீணாக்குவான்?

அன்புடன்,
குமார்