கண்வலி விதையும் காத்திருக்கும் செல்லும்

அன்பு நண்பா,

மூலனூரிலிருந்து நீ எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. கண்வலிக் கிழங்குச் செடியில் காலை வேளைகளில் பூவுக்குப் பூ கையாலேயே மகரந்தம் தொட்டு வைத்து நீங்கள் பட்ட பாட்டையும், அத்தனைக்குப் பிறகும் விதையின் விலையை வியாபாரியே தீர்மானிப்பதையும் படித்து வருந்தினேன். விலையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்த விதையை வாங்கிப் போய் என்னதான் செய்கிறார்கள், என் ஆராய்ச்சிக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நீ கேட்டிருந்தாய் அல்லவா, அதற்கு இம்முறை விரிவாகவே எழுதுகிறேன்.

விதையிலிருந்து பிரித்தெடுக்கும் கோல்ச்சிசின், யூரிக் அமிலம் மிகுந்து வரும் கௌட் என்னும் மூட்டு நோய்க்கு மருந்து. எங்களைப் போன்ற செல் உயிரியலாளர்கள் அதை நாடியது வேறு காரணத்துக்காக. ஒரு செல் பிரியும் முன் தன் குரோமோசோம் ஒவ்வொன்றையும் படியெடுத்து, இரண்டு படிகளையும் ஒன்றோடொன்று பிணைத்து வைக்கிறது. பிறகு டியூபுலின் என்னும் புரதத்தால் ஆன நுண்குழல்கள் செல்லின் இரு துருவங்களிலிருந்தும் நீண்டு, குரோமோசோமின் இடுப்புப் பகுதியிலுள்ள கைனெட்டோகோரைப் பற்றி, ஒரு படியை இப்பக்கமும் மறு படியை அப்பக்கமும் இழுத்துச் செல்கின்றன. கோல்ச்சிசின் டியூபுலினோடு ஒட்டிக்கொள்வதால் நுண்குழல்கள் உருவாவதில்லை. குரோமோசோம்கள் தடித்துத் தெளிவாகத் தெரியும் கட்டத்தில் செல் அப்படியே நின்றுவிடுகிறது. மனிதருக்கு 48 குரோமோசோம்கள் என்று முப்பது ஆண்டுகளாக நம்பியிருந்ததை மாற்றி, 46தான் என்று 1955இன் இறுதியில் ஸ்வீடனின் லுண்ட் நகரில் சியோவும் லேவனும் எண்ணிக் கண்டதற்கு இவ்வாறு நிறுத்தி வைத்த செல்கள் பெரிதும் உதவின.

என்னை ஈர்த்தது எண்ணிக்கையல்ல, அந்த நிற்றல். இழுக்கக் குழல் இல்லாததால் செல் நிற்கிறது என்று சொல்லிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் அது சரியான விடையல்ல. 1991இல் ஹோய்ட், மரே ஆகியோரின் குழுக்கள் தனித்தனியே ஈஸ்ட் செல்களுக்கு பெனோமில் என்னும் பூஞ்சாணக்கொல்லியைக் கொடுத்துப் பார்த்தன. (நீ வயலில் தெளிக்கும் கார்பெண்டாசிம், பெனோமில் சிதைந்து உருவாகும் பொருள்தான், அதுவும் பூஞ்சையின் டியூபுலினையே தாக்குகிறது.) இயல்பான ஈஸ்ட் குழல்கள் சரியாகும் வரை காத்திருந்தது. சில மரபணுக்கள் பழுதான ஈஸ்டோ காத்திராமல் பிரியும் வேலையைத் தொடர்ந்து மடிந்தது. அப்படியானால் நிற்பது இயலாமையால் அல்ல. 'நில்' என்று ஏதோ ஒன்று ஆணையிடுகிறது.

அந்த ஆணை எங்கிருந்து வருகிறது என்பதை 1995இல் ரீடரும் அவருடைய கூட்டாளிகளும் காட்டினார்கள். ஒரே ஒரு கைனெட்டோகோர் மட்டும் இன்னும் குழலோடு சேராமல் நிற்கும் செல்லில், அதை லேசர் கதிரால் அழித்தார்கள். அந்தக் குரோமோசோம் வழிக்கு வராத நிலையிலும் சிறிது நேரத்தில் செல் பிரியத் தொடங்கியது. சேராத ஒன்றே மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருந்தது என்பது அதிலிருந்து தெளிவாயிற்று.

ஆயினும் சேர்ந்தால் மட்டும் போதாது. இரண்டு படிகளும் ஒரே துருவத்துக் குழல்களோடு சேர்ந்துவிடலாம். தொடக்கத்தில் அப்படி நேர்வது அரிதுமல்ல. எது சரி, எது தவறு என்று செல் எவ்வாறு அறிகிறது? இதற்கு வழிகாட்டியவர் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இருந்த புரூஸ் நிக்லாஸ். வெட்டுக்கிளியின் விந்தணு உண்டாகும் செல்லுக்குள், நுண்ணோக்கியில் பார்த்தபடியே மிக மெல்லிய கண்ணாடி ஊசியால் ஒரு குரோமோசோம் இணையை (இச்செல்லில் தாய்வழி வந்ததும் தந்தைவழி வந்ததும் முதலில் இணையாகச் சேர்ந்து நின்று பிறகு பிரியும்) அவரால் நகர்த்த முடிந்தது. இணையின் இரு பாதியும் ஒரே துருவத்தை நோக்கிப் பிணைந்தால், அந்தப் பிணைப்பு நிலைக்காமல் அவிழ்ந்து மீண்டும் மீண்டும் மாறும். அதே தவறான பிணைப்பை ஊசியால் எதிர்த்திசையில் இழுத்துப் பிடித்தபோது, அவிழாமல் அப்படியே நிலைத்துவிட்டது. 1969இல் வெளிவந்த இந்த முடிவை நான் எத்தனை முறை மாணவர்களுக்குச் சொன்னாலும் அலுப்பதில்லை. பந்தல் கம்பியை விரலால் சுண்டிப் பார்த்து இரு முனையும் இறுகியிருக்கிறதா என்று நீ அறிவதைப் போல, செல்லும் இழுவிசையைக் கொண்டே அறிகிறது. இரு பக்கமும் இழுபட்டால் பிணைப்பு நிலைக்கும். இல்லாவிட்டால் அவிழ்த்துவிட்டு மறுபடியும் முயலும். பின்னர் அவரும் லீ என்பவரும், ஆண், பெண் என்பதைத் தீர்மானிக்கும் பால் குரோமோசோம் ஒன்று இணையின்றித் தனித்துப் போனதால் மணிக்கணக்கில் தடைபட்டு நின்ற கும்பிடுபூச்சியின் செல்லில், அந்தக் குரோமோசோமை ஊசியால் இழுத்தார்கள். செல் ஏமாந்து பிரியத் தொடங்கியது.

தளர்ந்த பிணைப்பை அவிழ்க்கும் வேலையில் அரோரா பி என்னும் நொதிக்குப் பெரும் பங்கு உண்டு என்பது இன்று தெரியும். கைனெட்டோகோர் இழுபட்டு அந்த நொதியின் எட்டத்தைவிட்டு விலகுவதால்தான் பிணைப்பு தப்புகிறதா, அல்லது இழுப்பதாலேயே பிடி இறுகுகிறதா என்பதில் எங்களிடையே வாதம் ஓயவில்லை. நொதியின் துணையின்றியே, ஈஸ்டிலிருந்து பிரித்தெடுத்த கைனெட்டோகோர்கள் ஓரளவு இழுவிசையில் கூடுதல் நேரம் பற்றி நிற்பதை 2010இல் சியாட்டில் நகரத்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். இரண்டுமே நடக்கிறது என்பது என் எண்ணம். என் மாணவர்களோ ஒன்றே விடையாக இருக்க வேண்டும் என்கிறார்கள், வயது அப்படி.

செவிலியர் படிப்பு படிக்கும் உன் மகள், தாயின் வயது கூடக்கூடக் குழந்தைக்கு டவுன் நோய்க்குறி வரும் வாய்ப்பு ஏன் கூடுகிறது என்று கேட்கச் சொன்னதாக எழுதியிருந்தாய். அதற்கான விடையும் இந்த இழுவிசையோடு தொடர்புடையதே. அந்நோய்க்குறியில் 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பது 1959இல் அறியவந்தது. பெண்ணின் முட்டைச் செல்கள் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே பிரியத் தொடங்கிப் பாதியில் நிற்கின்றன. நாற்பது வயதில் வெளிவரும் முட்டை நாற்பது ஆண்டுக்கு மேல் அவ்வாறு நின்றிருக்கிறது. படிகளைப் பிணைத்து வைக்கும் கோஹீசின் என்னும் புரதம் பிறப்புக்கு முன் போடப்பட்டது. அது பின்னர் புதுப்பிக்கப்படுவதாகத் தெரியவில்லை. பிணைப்பு தளர்ந்தால் எவ்வளவு இழுத்தாலும் இறுக்கம் வராது; இறுக்கம் இல்லாத இடத்தில் சரியையும் தவற்றையும் பிரித்தறிய வழியில்லை. போதாக்குறைக்கு, முட்டைச் செல்லின் 'நில்' ஆணை உடல் செல்லில் உள்ளதைப் போல அத்தனை கண்டிப்பானதல்ல. மனித முட்டையில் நுண்குழல்கள் ஒழுங்காக அமைய ஏறத்தாழ 16 மணி நேரம் ஆவதையும், அந்த அமைப்பு அடிக்கடி நிலைகுலைவதையும் 2015இல் கேம்பிரிட்ஜில் மெலினா ஷூவின் குழுவினர் நேரடியாகப் பார்த்தனர்.

கோஹீசின் புதுப்பிக்கப்படுவதில்லை என்பதற்கான சான்று பெரும்பாலும் எலிகளில் கிடைத்தது என்பதையும் அவளிடம் மறக்காமல் சொல். அவளுக்கு மேலும் ஐயம் இருந்தால் என்னிடம் நேராகவே கேட்கட்டும். வீட்டில் தங்கைக்கும் அம்மாவுக்கும் என் வணக்கம்.

என்றும் அன்புடன்,
உன் விடுதி அறைத் தோழன்