நீர்வீழ்ச்சிப் பயணமும் வான்கதவுச் செய்தியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பிலிருந்து ஒரே நாளில் மோட்டார் சைக்கிளில் அபர்டீன் நீர்வீழ்ச்சிக்குப் போய்வரும் வழிகாட்டிப் பயணம் பற்றி, கடந்த ஞாயிறு இதழின் சுற்றுலாப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. 98 மீற்றர் உயரத்திலிருந்து நீர் கொட்ட, அதன் முன்னால் சேறு அப்பிய பைக்குகள் நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். என் மகன் அன்று மாலையே கட்டணம் விசாரித்துவிட்டான். நானும் அந்தப் பக்கம் இப்படிப் போய்வந்தவன்தான், தடுக்கவில்லை. ஆனால் மழையோ வெயிலோ, அருவியைக் காட்டாமல் திருப்பி அனுப்புவதில்லை என்று ஏற்பாட்டாளர்கள் பெருமையாகச் சொன்னதை நீங்களும் அப்படியே போட்டிருக்கிறீர்கள். அதுதான் உறுத்துகிறது.

பாதை காட்ட ஆள் தேவையில்லை, கையில் போன் இருக்கிறது. போகக்கூடாத நாளில் "வேண்டாம், திரும்புவோம்" என்று சொல்லத்தானே வழிகாட்டிக்குக் காசு கொடுக்கிறோம்?

அபர்டீன் விழுவது கெசல்கமு ஓயாவில். அதற்கு மேலே காசல்ரீ, விமலசுரேந்திர நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. மேலே மலையில் அடித்துப் பெய்துகொண்டிருக்கும்போது கீழே அருவிக்குப் பக்கத்து ஊரான கினிகத்தேனையில் வெயில் காயலாம். மழைக்காலம் வந்தால் விமலசுரேந்திர நிரம்பி வான் பாய்கிறது, மிகை நீரை வெளியேற்ற வான்கதவு திறக்கப்பட்டது, தாழ்வான பகுதி மக்கள் அவதானமாக இருக்கவும் என்று உங்கள் செய்திப் பக்கத்திலேயே வருகிறது. அதே ஆற்றில் குளிக்க ஆள் அனுப்பும் சுற்றுலாப் பக்கத்தில் அது பற்றி ஒரு வரியும் இல்லை. ஒரே பத்திரிகைதான், பக்கங்களுக்கிடையில் பேச்சுவார்த்தை இல்லைபோலும்!

நாங்கள் போன அன்று நடந்ததைச் சொல்கிறேன். தோட்டப் பாதையில் டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று ஓட்டிப் பழகி, எல்லோரும் நல்ல உற்சாகத்தில் இருந்தோம். ஒரு சிற்றோடையைக் கடக்க வேண்டும், முழங்கால் அளவுத் தண்ணீர்தான். எதிரே புல்லுக்கட்டோடு வந்த பெரியவர் ஒருவர், "தம்பி, மேல இருட்டிக்கிட்டு வருது. தண்ணி கலங்குச்சினா எறங்காதீங்க" என்றார். வழிகாட்டிக்குத் தமிழ் தெரியாது, நான்தான் சிங்களத்தில் சொன்னேன். அவர் பைக்கை நிறுத்திவிட்டு இறங்கி, தண்ணீர் தொடும் விளிம்பில் ஒரு கல்லை வைத்தார். சிகரெட் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு சும்மா நின்றார். எங்கள் கூட்டத்தில் இருவருக்குப் பொறுமையே இல்லை. சிகரெட் முடிவதற்குள் கல் மூழ்கிவிட்டது. இலையும் சுள்ளியும் மிதந்து வந்தன, தண்ணீர் பிளேன்டீ நிறமானது. "அவ்வளவுதான், திரும்புவோம்" என்றார் அவர்.

அருவியைப் பார்க்கவில்லை. அட்டைக்கடிதான் மிச்சம் என்று ஒருவர் கேலி செய்தார். அப்புறம் கொழும்புக்கு வந்ததும், முழுக் காசையும் வாங்கிக்கொண்டு பாதியில் திருப்பியதாக அந்த இருவரும் நிறுவனத்திடம் முறையிட்டார்கள். நிறுவனமோ வழிகாட்டியைத்தான் கடிந்துகொண்டதாம். சரி, அடுத்த முறை அவர் கல் வைத்துப் பார்ப்பாரா?

ஒரே நாளில் என்பதும் சும்மா இல்லை. அதிவேகப் பாதையில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. ஹங்வெல்ல, அவிசாவளை, கித்துல்கல என்று சாதாரண வீதியில்தான் போக வேண்டும். கித்துல்கலவுக்கே ஏறத்தாழ 90 கிலோமீற்றர். விடியுமுன் புறப்பட்டால்தான் முற்பகலில் அருவியடிக்குப் போய்ச் சேரலாம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடியோடு மழை பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான் பிடிக்கும். ஆகவே தேநீர்க்கடையில் ஒரு மணித்தியாலம் பிந்தினாலும் கணக்குப் பிழைக்கிறது. கட்டுரையில் காலை எட்டு மணிக்குப் புறப்படலாம் என்று போட்டிருக்கிறீர்கள். மே முதல் செப்டெம்பர் வரை அந்தச் சரிவில் தென்மேற்குப் பருவமழை வேறு.

இன்னொன்று. 100 சிசிக்கு மேற்பட்ட பைக்கை ஓட்ட A வகுப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். 100 சிசி வரைக்குமான A1 போதாது. வாடகைக்குக் கொடுக்கும் இடத்தில் இதை எல்லோரும் கேட்பதில்லை. விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் நிச்சயம் கேட்பார். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு முன்னால் முதல் கியரில் மெதுவாகப் போகச் சொல்லியும் எழுதியிருக்கலாம். அங்கே பிள்ளைகள் விளையாடுவதும் அதே பாதையில்தான்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதை எழுதுபவர் ஏற்பாட்டாளர்களிடம் இரண்டு கேள்வி கேட்கட்டும்: பாதியில் திரும்பினால் பணத்தில் எவ்வளவு திருப்பிக் கொடுப்பார்கள்? திரும்புவதென்று முடிவெடுப்பது ஓடைக்கரையில் நிற்பவரா, கொழும்பில் அலுவலகத்தில் இருப்பவரா?

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13