லேட்டா கிளம்புறதுதான் உழைப்பா?

ஆசிரியருக்கு வணக்கம்,

ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் சீட்ல இருக்கறவங்களத்தான் உழைப்பாளின்னு பாராட்டுறாங்க, இது ரொம்ப நாளா மனசை உறுத்துது. நானும் அப்படி இருந்தவன்தான், ஒருநாள் முழுக்க ரிப்போர்ட்ல கலர் மாத்தி, கட்டம் மாத்தி, வந்த மெயிலுக்கெல்லாம் பதில் போட்டு முடிச்சுப் பாத்தா, ஒரு கஸ்டமர் காலையிலேர்ந்து காத்துட்டிருந்த ஒரே ஒரு முடிவு அப்படியே கிடக்குது, அதுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது.

முதல் உலகப்போர் சமயத்துல பிரிட்டன் வெடிகுண்டு ஃபேக்டரி தொழிலாளர்களோட கணக்கை 2014ல ஜான் பென்கவெல்னு ஒரு பொருளாதார அறிஞர் எடுத்துப் பாத்தாரு. வாரம் 70 மணி நேரம் வேலை பாத்தவங்களோட உற்பத்திக்கும் 56 மணி நேரம் பாத்தவங்களோட உற்பத்திக்கும் பெரிய வித்தியாசமே இல்ல. அந்த 14 மணி நேரம் உடம்பைக் கெடுத்துக்கிட்டதுதான் மிச்சம் (வீட்ல காத்திருந்தவங்களையும் நினைச்சுப் பாருங்க).

இப்பல்லாம் நான் காலையில வந்ததும் எது முடிஞ்சா நிஜமாவே நாலு பேருக்கு வேலை நகருமோ அதைத்தான் முதல்ல எடுக்குறேன், மெயிலெல்லாம் மதியத்துக்கு மேலதான்.

மேனேஜர்களே, எத்தனை மணிக்குக் கிளம்புனன்னு கேக்காதீங்க, இன்னைக்கு என்ன முடிச்சன்னு கேளுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்