படித்துறையில் டார்ச் அடித்தது போதும்

ஆசிரியருக்கு, வணக்கம்.

குமரி மாவட்டத்தின் பருவமழை முன்னேற்பாடுகள் பற்றி உங்கள் இதழில் வந்த செய்தியைப் படித்தேன். ரப்பர் படகு, மணல் மூட்டை, மரம் அறுக்கும் மெஷின் எல்லாம் தயார் என்கிறார்கள். சரி, அந்தப் படகு எந்தத் தெருவுக்கு முதலில் போக வேண்டும் என்று யார் சொல்வது? அதற்குத்தான் ஆற்றில் நீர்மட்டத்தைத் தானே அளந்து சொல்லும் சென்சார் கருவிகள் வேண்டும் என்கிறேன்.

2021 நவம்பர் வெள்ளத்தில் குழித்துறை ஆற்றோரம் நாங்கள் பட்ட பாடு இது. பேச்சிப்பாறை அணையில் மறுகால் (உபரி நீர்) திறந்த செய்தி வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. அதன் பிறகு ராத்திரி முழுக்க என் மச்சினன் படித்துறையில் டார்ச் அடித்து, இன்னும் எத்தனை படி தெரிகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தான். ஏழு, ஐந்து, மூன்று. கரண்ட் போனது, கொஞ்ச நேரத்தில் செல்போன் சிக்னலும் போனது. விடியும் முன் மீட்க வந்தவர் முதலில் கேட்டது, "அண்ணாச்சி, உள்ளே எந்த வீட்டில் ஆள் உண்டு, தண்ணி எவ்வளவு நிக்குது?" எங்களுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை.

அணையில் எவ்வளவு திறந்தார்கள் என்பது மட்டும் போதாது. கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்துதான் குழித்துறைக்கு வருகின்றன. அணைக்குக் கீழே பெய்யும் மழை அணைக் கணக்கில் வராது. மூவாற்றுமுகம், குழித்துறை போன்ற இடங்களில் உயரமான பாலத்தின் அடியில் சென்சார் கட்டினால், ஒலியைக் கீழே அனுப்பி, அது திரும்பும் நேரத்தை வைத்து நீர்மட்டத்தை அளந்துவிடும். கால் மணிக்கு ஒருமுறை விழித்து அளவைச் சொல்லிவிட்டுத் தூங்குவதால் பேட்டரி மாதக்கணக்கில் வரும். செல் டவரும் தேவையில்லை. ஒரு சென்சார் அடுத்ததற்கு, அது அதற்கடுத்ததற்கு என்று ரேடியோவில் கைமாற்றிவிடும். நடுவில் ஒன்று வெள்ளத்தில் போனாலும், எட்டும் தூரத்தில் வேறு கருவி இருந்தால் தகவல் அதன் வழியாகப் போகும். 2017-இல் ஒக்கி புயல் அடித்தபோது இந்த மாவட்டம் பல நாள் இருட்டில் கிடந்ததை நினைத்தால், டவரை நம்பாத ஏற்பாட்டின் அருமை புரியும்.

நம் மேடு பள்ளத்திலும் ரப்பர் தோட்டங்களிலும் ரேடியோ அலை தடுமாறும் என்பது உண்மை. இடையிடையே உயரமான இடங்களில் கூடுதல் கருவி வைக்க வேண்டிவரும். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற சோலார் தகடு வைத்தால், அதைக் கழற்றிக்கொண்டு போகிறவர்கள் வேறு இருக்கிறார்கள்! ஆனாலும் பக்கத்துக் கேரளத்தில், மூணாறு அந்தோணியார் காலனியில் அமிர்தா பல்கலைக்கழகத்தார் மண்ணுக்குள் நீர் அழுத்தம் அளக்கும் சென்சார்களைப் புதைத்து, நிலச்சரிவைக் கண்காணிக்கிறார்கள். மலையில் முடிந்தது நம் ஆற்றில் முடியாதா?

கருவி சொல்லும் அளவு ஆட்சியர் அலுவலகக் கம்ப்யூட்டரோடு நின்றுவிடக் கூடாது. படகில் ஏறுகிறவர் கையில் இருக்கும் சின்ன ரிசீவரிலும் அது தெரிய வேண்டும். 2004 சுனாமியிலும் ஒக்கியிலும் முதலில் உதவிக்கு ஓடியவர்கள் நம் கரையோரத்து மீனவர்கள்தான். அவர்களுக்கும் ஒன்று கொடுங்கள். முதலில் குழித்துறைக்கும் மூவாற்றுமுகத்துக்கும் நடுவே நான்கைந்து கருவிகளையாவது இந்த மழைக்கு முன் கட்டிப் பார்க்கலாம்.

- ஒரு வாசகர், குழித்துறை