மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சர்க்கரையை அடியோடு நிறுத்திவிட்டால் கேன்சர் கட்டி பட்டினி கிடந்து சுருங்கிவிடும் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். ஆனால் பல வருடங்களாக மருந்துக்கடையில் நிற்கிற எனக்கு, இப்படி ஒரு கட்டுரை வந்தால் அதற்கப்புறம் யார் யார் மார்பகப் புற்றுநோய் மாத்திரை வாங்க வராமல் போகிறார்கள் என்பது தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

கேன்சர் செல்கள் சர்க்கரையை அதிகமாக இழுக்கின்றன என்பது உண்மை. ஜெர்மனி விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் அதை 1920களிலேயே கண்டு சொன்னார், இன்றைக்கு கட்டி இருக்கும் இடத்தைக் காட்டும் பெட் ஸ்கேன் எடுப்பதும் அதை வைத்துத்தான். ஆனால் நீங்கள் காபியில் சர்க்கரை போடாவிட்டாலும், சோற்றையே விட்டாலும், கல்லீரல் ரத்தத்துக்குத் தேவையான சர்க்கரையைத் தானே தயாரித்துவிடும். கடைசியில் இளைப்பது நோயாளிதான், கட்டி இல்லை. கீமோ நடக்கிற நேரத்தில் உடம்பில் சதை கரைந்துபோனால் சிகிச்சையைத் தாங்குவதே கஷ்டமாகிவிடும்.

சரி, கட்டியை வளர்ப்பது எது? எல்லாக் கட்டிக்கும் ஒரே பதில் கிடையாது. மார்பகப் புற்றுநோயை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், என் கடைக்கு அதிகம் வரும் சீட்டு அதுதான். அதில் பாதிக்கும் மேற்பட்ட கட்டிகளை வளரச் சொல்வது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்சன் என்ற அறுவை மருத்துவர், நோய் முற்றிய ஒரு பெண்ணுக்கு, ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும் சினைப்பையை எடுத்ததும் மார்பில் இருந்த கட்டி சுருங்கியதைப் பார்த்து 1896இல் எழுதினார். ஹார்மோன் என்ற பெயரே அப்போது வைக்கப்படவில்லை. இப்போது அந்த வேலையைப் பல பேருக்கு ஒரு மாத்திரை செய்கிறது, டாமாக்சிஃபன். 1960களில் இங்கிலாந்தில் கருத்தடை மாத்திரையாகத் தேடப்போய் அதில் தோற்ற மருந்து அது. மான்செஸ்டரின் கிறிஸ்டி மருத்துவமனையில் மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்த்து, 1971இல் முடிவை வெளியிட்டார்கள்.

அது வேலை செய்யும் விதம், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போலத்தான். செல்லுக்குள் ஈஸ்ட்ரோஜன் வந்து உட்காரும் இடத்தில் இது முன்னாடியே உட்கார்ந்துவிடும், வளரச் சொல்லும் தகவல் செல்லுக்குப் போகாது. மாத்திரையை நிறுத்தினால் இடம் காலி.

இங்கேதான் என் ஆதங்கம். ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாவற்றையும் கடன் வாங்கியாவது முடித்துவிடுகிறார்கள். அதெல்லாம் முடிந்தபின் தினமும் 20 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, ஐந்து வருடம். முதல் வருடம் ஒழுங்காக வருவார்கள். அப்புறம் வீட்டுக்காரர் மட்டும் பழைய அட்டையோடு வந்து பாதி வெட்டிக் கொடுங்க என்பார். அப்புறம் அவரும் வரமாட்டார். தெருவில் பார்த்துக் கேட்டால், “கட்டிதான் எடுத்தாச்சே, எதுக்கு இன்னும் மாத்திரை?” ஆபரேஷன் செய்த இடத்தில் இதை யாரும் விவரமாகச் சொல்லி அனுப்புவதில்லை, சீட்டில் எத்தனை வருடம் என்றும் எழுதுவதில்லை. இந்த வகைக் கேன்சர் எலும்பிலோ ஈரலிலோ சத்தமில்லாமல் கிடந்து பத்து, பதினைந்து வருடம் கழித்துக்கூடத் திரும்ப வரும். ஐந்து வருடம் முழுதாகச் சாப்பிட்டவர்களிடம், அடுத்த 15 வருடங்களில் அந்த நோயால் ஏற்படும் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று ஆயிரக்கணக்கான பெண்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. சிலருக்குப் பத்து வருடம் கொடுப்பது இன்னும் நல்லது. இவ்வளவு செய்கிற மருந்து, விலையோ மலிவு.

பக்கவிளைவு இல்லை என்று சொல்லமாட்டேன். ராத்திரியில் உடம்பு தகிக்கும், வேர்வையில் ஜாக்கெட் நனையும், மாதவிலக்கு தாறுமாறாகும். தாங்க முடியாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், வழி இருக்கிறது. மாதவிலக்கு நின்றவர்களுக்கு லெட்ரோசோல் போன்ற வேறு மாத்திரையும் உண்டு. தீட்டு நின்றபின் மறுபடி ரத்தம் பட்டாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ தள்ளிப்போடாமல் அன்றைக்கே போய்க் காட்டுங்கள். இன்னொன்று, மனச்சோர்வுக்கு வேறு டாக்டர் எழுதிய ஃப்ளூவாக்சடின், பராக்சடின் மாத்திரைகள் டாமாக்சிஃபனின் வேலையைக் கெடுக்கக்கூடும். இரண்டு சீட்டும் ஒன்றாக என் கையில் வந்தபோது டாக்டருக்கு ஃபோன் செய்து கேட்டிருக்கிறேன், அவர் மாற்றிக் கொடுத்தார். ஆகவே எல்லாச் சீட்டையும் எல்லா டாக்டரிடமும் காட்டுங்கள்.

எல்லோருக்கும் இந்த மாத்திரை பலிக்காது. திசுப் பரிசோதனை அறிக்கையில் ஈ.ஆர். (ஈஸ்ட்ரோஜன் வந்து உட்காரும் இடம்) பாசிட்டிவ் என்றோ பி.ஆர். (புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோன் உட்காரும் இடம்) பாசிட்டிவ் என்றோ இருக்கவேண்டும். செல்லை வளரத் தூண்டும் ஹெர்2 என்ற புரதம் பாசிட்டிவ் என்றால் அதற்கென்று டிராஸ்டுசுமாப் ஊசி தனியாக இருக்கிறது. மூன்றும் நெகட்டிவ் என்றால் இரண்டுமே உதவாது, சிகிச்சையே வேறு. ஆனால் ஸ்கேன் படங்களைப் பெரிய கவரில் போட்டு பீரோவில் பூட்டி வைக்கிறவர்கள், இந்த ஒற்றைத் தாளைத்தான் தொலைத்துவிடுகிறார்கள். வேறு ஊரில் வேறு டாக்டரிடம் போனால் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.

உணவு பற்றி எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாதவிலக்கு நின்றபின் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் முக்கியமாகக் கொழுப்பில்தான் உற்பத்தியாகிறது, அதனால் எடையைக் கட்டுக்குள் வைப்பதும் தினமும் நடப்பதும் நல்லதுதான். அதை மாத்திரையோடு சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள், மாத்திரைக்குப் பதிலாக அல்ல. அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே ஒரு புற்றுநோய் மருத்துவரைக் கொண்டு இதை எழுதவையுங்கள், சர்க்கரைக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்,
காரைக்குடி